கீபோட்டைச் சுவரில் மாட்டலாமா?

கேள்வி: ஐயா, பண்டாரவளையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பார் இருக்கிறது. 83 கலவரத்தில் எரிந்துபோன கட்டடத்தை அப்பா மறுபடி கட்டி நடத்தியது. கீழே சாராயமும் பியரும். மேல்மாடியில் சனிக்கிழமை இரவு பாட்டு: ஒரு பழைய கீபோட், கிட்டார், டோல்கி, பாட இரண்டு பேர். வருவதெல்லாம் மார்க்கெட் ஆட்கள், லொறிக்காரர், ரயில்வேக்காரர், சம்பளம் எடுத்த தோட்டத்து ஆட்கள். கொஞ்சம் கெட்ட பெயர்தான், அடிதடியும் நடந்திருக்கிறது. ஆனாலும் மேல்மாடியில் மட்டும் செலவு போக மாதம் மூன்றரை இலட்சம் நிற்கும். அப்பா இப்போது படுக்கையில். துபாயிலிருந்து வந்த அண்ணனும் அவருடைய கொழும்பு நண்பரும் மேல்மாடியை அடியோடு மாற்றப் போகிறார்கள். நண்பர் 60 இலட்சம் போடுவார். எங்கள் வீட்டை ஈடு வைத்து 80 இலட்சம் கடன். லாபத்தில் பாதி அவருக்கு. புதுப் பெயர், பூச்சில்லாத செங்கல் சுவர், கொக்டெயில், டிஜே, கொழுந்துக் கூடை மாட்டிய பெண்கள் பரிமாறுவது, கிழமைக்கு ஒரு நாள் "ஹெரிட்டேஜ் நைட்" என்று தப்பு மேளம். பழைய பாட்டுக்காரர்களுக்கு இடமில்லை. சில கட்டைகள் பேசாத அந்தக் கீபோட்டை மட்டும் லைட் போட்டுச் சுவரில் மாட்டுவார்களாம். கணக்கு எழுதுவது நான்; என் கையெழுத்தும் வேண்டும். பக்கத்துச் சுற்றுலா ஊரைக் காட்டி, "எல்லயைப் பார், நாம இன்னும் தவறணை காலத்துல இருக்கோம்" என்கிறார் அண்ணன். போடலாமா?
(வாசகி, பண்டாரவளை)

பதில்: தங்கச்சி, கையெழுத்தை இப்போதைக்குப் போட வேண்டாம். மாற்றமே கூடாது என்று சொல்லவில்லை. இந்தத் தாளில், இந்தக் கணக்கில் கூடாது.

ஹோட்டல்களின் கணக்குப் புத்தகங்களோடு முப்பது வருடம் ஓட்டியவன் நான். அதற்கு முன்னால், எண்பதுகளில், பதுளைப் பக்கம் கல்யாண வீடுகளில் கீபோட் வாசித்துக்கொண்டு திரிந்தேன். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு தடவை கணக்கனாக, ஒரு தடவை கீபோட்காரனாக. கணக்கனுக்கு உறுத்தியது அண்ணன் சொன்ன "எல்லயைப் பார்" என்ற பேச்சு.

பார்ப்போமே. எல்லயில் இறங்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் பகல் முழுக்க ஒன்பது வளைவுப் பாலம், லிட்டில் எடம்ஸ் பீக் என்று ஏறி இறங்கிவிட்டு, இரவில் அறைக்கு நடந்து போகிற தூரத்தில் குடிக்கிறார்கள். அந்த ஊர் பார்களுக்குச் சோறு போடுவது செங்கல் சுவரல்ல. ஆட்கள் அங்கேயே படுத்துத் தூங்குகிறார்கள், அதுதான். பண்டாரவளையை அவர்கள் ரயில் ஜன்னலில் சில நிமிடம் பார்ப்பதோடு சரி. ஒரு கிளாஸ் கொக்டெயிலுக்காக ராத்திரி நேரத்தில் த்ரீவீலில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வளைவு ஏறி வந்து, தலை சுற்றச் சுற்ற அதே ரோட்டில் இறங்கிப் போவார்களா? போட்டோவுக்காக ஒரு நாள் வருவார்கள். உங்கள் ஊருக்குத் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் வேறு ஆட்கள்: மரக்கறி மூட்டையோடு வருபவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பஸ் மாறுகிறவர், சம்பளத்தன்று சாமான் வாங்க வருகிறவர்.

இப்போது கணக்கு. கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு என்னோடு போட்டுப் பாருங்கள். 80 இலட்சத்தை 14 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 1 இலட்சத்து 86 ஆயிரம். டிஜே கிழமைக்கு இரண்டு இரவு, ஒரு இரவுக்கு 40 ஆயிரம் என்று வைத்தால் மாதம் 3 இலட்சத்து 20 ஆயிரம். புதிதாக ஐந்து பேரை எடுத்தால், ஊழியர் சேமலாப நிதிக்கு நாம் கட்டும் 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்குக் கட்டும் 3 சதவீதமும் சேர்த்து ஒரு மூன்றரை இலட்சம். கரண்ட், ஜெனரேட்டர், ஐஸ், தேசிக்காய், உடைகிற கிளாஸ் என்று ஒரு இலட்சம். இதோடு, இன்று மேல்மாடி தரும் மூன்றரை இலட்சமும் போய்விடும். லொறிக்காரர் 2,500 ரூபாய்க்குக் கொக்டெயில் குடிக்க மாடி ஏற மாட்டார். மொத்தம் 13 இலட்சம். ஒரு கிளாஸில் சரக்கு, வரி எல்லாம் போக ஆயிரம் ரூபாய் மிஞ்சும் என்று தாராளமாகவே வைப்போம். மாதம் 1,300 கிளாஸ் ஓட வேண்டும். போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, மூடினால் 29 இரவு, ஆகவே ஒரு இரவுக்கு 45.

அது லாபமென்று நினைக்காதீர்கள். இன்று நிற்கிற இடத்திலேயே நிற்பதற்கு அவ்வளவு. அதிலும் மிஞ்சுவதில் பாதி நண்பருக்கு. வீட்டுக்கு இன்று வருகிற அதே மூன்றரை இலட்சம் வர வேண்டுமென்றால் ஒரு இரவுக்கு 57 கிளாஸ். ஐப்பசி மழை கொட்டுகிற செவ்வாய்க்கிழமையிலும் 57. முடியும் என்று அண்ணன் சொன்னால், எந்த ஆட்கள், எந்த ஊரிலிருந்து, எதில் ஏறி வருவார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

சுற்றுலாவை நம்பி வீட்டை ஈடு வைப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2018 இல் நாட்டுக்கு வந்தவர்கள் 23 இலட்சத்துக்கும் மேல். அடுத்த வருடம் ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுகள், பிறகு கொரோனா. 2021 இல் 2 இலட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2022 இல் எண்ணெய்க்கும் கேஸுக்கும் வரிசை. 2024 இல்தான் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலைநாட்டு ரயில் பாதையையே பிய்த்துப் போட்டது. இத்தனை வருடத்திலும் உங்கள் கீழ்த்தளம் எப்படி ஓடியது என்று பழைய கணக்கைப் புரட்டிப் பாருங்கள். தளர்ந்திருக்கும், ஆனால் செத்திருக்காது. கடன் இல்லாத கடை மெலிந்து பிழைக்கும். தவணை கட்டுகிற கடைக்கு அந்த வசதி கிடையாது.

சட்டப் பக்கம். நண்பர் கொழும்பில் எப்படி நடத்துகிறாரோ தெரியாது; லைசன்ஸ் உங்கள் அப்பா பெயரில்தான் இருக்கும், மாட்டிக்கொள்வது அவர். மதுவரி லைசன்ஸ் வருடா வருடம் புதுப்பிக்கிற சாமான். அது ஒரு ஆளுக்கும் ஒரு இடத்துக்கும் சேர்த்துக் கொடுக்கப்படுவது. அப்பா படுக்கையில் இருக்கும்போது அது யார் பெயருக்கு, எப்படி மாறும் என்பதுதான் இன்றைக்கு உங்கள் குடும்பத்தின் முதல் வேலை. சுவரை உடைப்பதென்றாலும் மதுவரி நிலையத்தையும் மாநகர சபையையும் கேட்காமல் ஒரு செங்கல்லைத் தொட வேண்டாம்.

கூடை மாட்டிய பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1979 ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் ஒன்று பெண்களுக்கு மது விற்பதையும், மது விற்கிற இடத்தில் அனுமதியில்லாமல் பெண்களை வேலைக்கு வைப்பதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பிப் போடச் சொன்னார். அந்த விதி எனக்குப் பிடித்ததல்ல. பெரிய ஹோட்டல்களில் யார் கவனிக்கிறார்கள் என்று நண்பர் சிரிக்கவும் கூடும். சிரிக்கட்டும். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பாரை எல்லாரும் கவனிப்பார்கள். இன்றைய நிலை என்ன என்று மதுவரிக்காரரிடமே எழுத்தில் கேளுங்கள்.

சட்டம் இடம் கொடுத்தாலும் அந்தக் கூடை வேண்டாம், தங்கச்சி. உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருடைய அம்மாவும் மனைவியும் அட்டைக்கடியில், மழையில், அந்தக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறியவர்கள். 2024 செப்டெம்பரில்தான் அவர்களின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தச் சம்பளத்தில் ஒரு கொக்டெயில் விலைக்கு இரண்டு நாள் கொழுந்து எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கூடையை அலங்காரமாக மாட்டிய ஒரு பிள்ளை அந்தக் கிளாஸைக் கொண்டுவந்து வைக்கும்போது, மூலையில் உட்கார்ந்திருக்கிற தோட்டத்துப் பையன் எங்கே பார்ப்பான்? அவன் அடுத்த வாரம் வர மாட்டான். அதைத்தான் நண்பர் விரும்புகிறாரோ என்னவோ.

தப்புக்கும் இதே கதைதான். ஒரு காலத்தில் விடிகாலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு, ஆட்களை எழுப்பியது தப்பு மேளம். மாசியில் காமன் கூத்துக்கு அதுதான் உயிர். சாவு வீட்டிலும் அதுதான். அடிக்கிறவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர்களை மேடையில் ஏற்றுவது நல்லதுதான். ஆனால் என்ன அடிப்பது, எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, எந்த உடுப்பு என்பதை அவர்களே சொல்ல வேண்டும். சாவுத் தப்பின் அடியைக் கொக்டெயிலுக்கு அடிக்கச் சொல்லாதீர்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடுக்கிறது. நண்பரின் வியாபாரமே இன்ஸ்டகிராமில் வண்ணக் கிளாஸ் காட்டுவதாக இருந்தால் அந்தப் படத்தையே போட முடியாது. பாட்டுக்காரர் படம் போடலாம். மற்றது சத்தம். 2007 இல் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவிலிருந்து இரவு 10 க்கும் காலை 6 க்கும் இடையில் ஒலிபெருக்கி என்றால் அது பொலிஸ் விவகாரம். டிஜே ஆட்டம் சூடு பிடிப்பதே பத்து மணிக்குத்தான் என்பார்கள். உங்கள் பழைய பாட்டுக்காரர் ஒன்பதரைக்கு டோல்கிக்கு உறை போட்டுவிட்டுக் கடைசி பஸ் பிடிக்கிற ஆட்களாக இருப்பார்கள்.

செங்கல் சுவர், பழைய வாத்தியத்துக்கு லைட் என்கிற இந்தப் பாணியைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். நியூயோர்க்கில் பவரி என்ற தெரு, அந்தக் காலத்தில் குடிகாரர்களும் வீடில்லாதவர்களும் படுத்துக் கிடந்த இடம். அங்கே 1973 இல் ஹில்லி கிரிஸ்டல் என்பவர் ஒரு பார் திறந்தார். கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் பாட்டு வைக்கத்தான் ஆசை. அந்த மூன்றின் முதலெழுத்துகளிலிருந்துதான் சிபிஜிபி என்று பெயர். அந்தப் பாட்டுக்காரர்கள் வந்து நிறைக்கவில்லை, தெருப் பையன்கள் வந்தார்கள். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: அடுத்தவன் பாட்டைப் பாடாதே, உன் சொந்தப் பாட்டைப் பாடு. ராமோன்ஸ், புளொண்டி, டோக்கிங் ஹெட்ஸ் என்று பிறகு பெயர் வாங்கிய பாட்டுக் குழுக்கள் எல்லாம் அந்த அழுக்கு மேடையில் ஏறியவர்கள்தான். வாடகைச் சண்டையில் 2006 அக்டோபரில் மூடினார்கள். அந்த இடத்துக்கு 2008 இல் விலை உயர்ந்த துணிக்கடை வந்தது. போஸ்டர் ஒட்டிய பழைய சுவரில் ஒரு துண்டை அப்படியே வைத்துக் காட்டினார்கள். நாறிப்போன கழிவறையின் நகலைக்கூட 2013 இல் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் கண்காட்சியில் வைத்தது! சுவருக்கும் கழிவறைக்கும் மரியாதை கிடைத்தது. பாடுகிற பையனுக்குத்தான் அந்தத் தெருவில் இடமில்லாமல் போனது.

இடித்துக் கட்டுவதே பாவம் என்று இதற்கு அர்த்தமில்லை. லிவர்பூலில் பீட்டில்ஸ் பாடிய கேவர்ன் கிளப்பை 1973 இல் மூடி இடித்தார்கள். 1984 இல் பழைய செங்கற்களில் ஒரு பகுதியை வைத்தே மறுபடி கட்டினார்கள். அங்கே இன்றும் பாட்டு நடக்கிறது. சுவர் புதிதா பழையதா என்பதை விட, மேடையில் ஆள் நிற்கிறானா என்பதுதான் கேள்வி.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். உங்கள் பழைய பாரைப் பற்றி நான் உருகப் போவதில்லை. பத்தாம் திகதி சம்பளத்தில் ஒரு பங்கு உங்கள் கல்லாப்பெட்டிக்குள் விழும்போது ஏதோ ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் அடுப்புக்குச் சாமான் குறைகிறது. அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டால், இழுத்துப் பூட்டிவிட்டு டிஜேயையோ வேறு யாரையோ வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஆள் ஏற முடியாத விலை போடுங்கள் என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கடன் கொப்பியை மட்டும் மூடிவிடுங்கள் என்பேன். காசு இல்லாதவனுக்குக் கணக்கில் எழுதி ஊற்றுவதை நிறுத்துங்கள். சண்டை போட்டவனை மூன்று மாதம் மாடி ஏற விடாதீர்கள். மேல்மாடிக்கு ஒரு நிதானமான ஆள் வாசலில் நிற்கட்டும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், கடன் எடுக்காமல், கைக்காசில் பன்னிரண்டு பதினைந்து இலட்சத்துக்குள் முடிகிற வேலையைச் சொல்வேன். முதலில் கழிவறை. நம்முடையதைக் கேட்டு எந்த அருங்காட்சியகமும் வரப்போவதில்லை. உடைத்துக் கட்டுங்கள், பெண்களுக்குத் தனியாக ஒன்று, உள்ளே தாழ்ப்பாளோடு. அடுத்தது வயரிங். நாற்பது வருடக் கட்டடத்தில் அம்ப்ளிஃபையரும் ஃப்ரிட்ஜும் ஒரே லைனில் ஓடுகிறது என்று பந்தயம் கட்டுவேன். மாடிக்கு இரண்டாவது படிக்கட்டு கட்டாயம். ஒரு முறை எரிந்த கட்டடம் அது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பீக்கரைத் தெருப் பக்கத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் திருப்புங்கள். குசினியைப் பெரிதாக்குங்கள்: டெவல் கோழி, மரவள்ளி, கடலை, முட்டை. மதுவில் மிஞ்சுவதை வரி தின்னும், பைட்டில், அதாவது குடியோடு கொறிக்கிறதில், மிஞ்சுவது கையில் நிற்கும். குடிக்காத ஒருவன் பாட்டுக் கேட்க வந்தாலும் அவன் காசு விட ஒரு வழி வேண்டுமே.

சனிக்கிழமை பழைய ஆட்களுக்கே இருக்கட்டும், அதே விலையில். வெள்ளிக்கிழமையை இளம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தோட்டத்திலிருந்து கம்பஸ் போன, கொழும்பில் வேலை செய்து ஊருக்கு வந்து போகிற, போனிலேயே ராப் எழுதுகிற ஒரு தலைமுறை பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் இருக்கிறது. பாட இடம் கிடைக்காமல் லயத்து வாசலில் பாடிக்கொண்டிருக்கிறது. இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டவர்களாகப் பார்த்து அழையுங்கள். ஹில்லி கிரிஸ்டலின் நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்: சினிமாப் பாட்டு பாடலாம், ஆனால் ஒரு பாட்டாவது சொந்தமாக இருக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி அடுத்தவர் பாட்டைப் பொது இடத்தில் பாடுவதற்கு உரிமைக்காரரின் அனுமதி என்றொரு சங்கதியும் இருக்கிறது. சொந்தப் பாட்டுக்கு அந்தத் தலைவலி இல்லை. எல்லயிலிருந்து நாலு வெளிநாட்டுப் பிள்ளைகள் தேடி வந்தால் இதைக் கேட்கத்தான் வருவார்கள். செங்கல்லை அவர்கள் ஊரிலேயே பார்த்துவிட்டார்கள்.

அண்ணனை எதிரியாக்க வேண்டாம். துபாயில் உழைத்த காசோடு ஊருக்கு வந்தவருக்கு, தான் செய்ததென்று காட்ட ஒன்று வேண்டும். அது நியாயமான ஆசை. வெள்ளிக்கிழமையை அவர் கையில் கொடுங்கள். நண்பர் இன்னும் காசு போட விரும்பினால் மூன்று விஷயத்தை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஈடு அம்மா அப்பா இருக்கிற வீட்டின் மீது வரக் கூடாது. புதுப் பெயர் வைத்தால் அது குடும்பத்தின் சொத்து, நண்பர் விலகும்போது தூக்கிக்கொண்டு போக முடியாது. நட்டத்திலும் அவருக்குப் பாதி. கடைசி வரியைப் படித்ததும் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பத்து வருடக் கணக்கறிக்கை சொல்லாததை அது சொல்லும். எதற்கும் கையெழுத்துக்கு முன் உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர், நண்பர் கூட்டி வருகிறவர் அல்ல.

பாட்டுக்கார மாமாமாரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு இதுவரை எப்படிக் கொடுத்தீர்கள்? அனேகமாக ஒரு கால் போத்தலும் கையில் கொஞ்சம் சல்லியும். இனி ஒவ்வொரு சனிக்கும் ஒரு தொகை, வவுச்சரில் கையெழுத்தோடு. அதை எழுதினால்தான் மேல்மாடியின் மூன்றரை இலட்சம் உண்மையில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த நாலு சனிக்கிழமையும் மாடியில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வந்தார்கள், எப்போது போனார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கொப்பியில் குறியுங்கள். அதோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கீபோட்டுக்கு ஒரு வார்த்தை. கட்டை பேசாமல் போவது பெரும்பாலும் உள்ளே இருக்கிற ரப்பர் பட்டியில் தூசியும் ஈரமும் ஏறுவதால்தான்; பண்டாரவளைப் பனிக்கு அது சகஜம். பின்பக்க ஸ்குரூவைக் கழற்றி, ரப்பரைத் தூக்கி, கீழே இருக்கிற கறுப்புப் புள்ளிகளைச் சுத்தமான ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டச் சொல்லுங்கள். ரேடியோ திருத்துகிற யாரும் ஒரு மத்தியானத்தில் செய்துவிடுவார். சுவரில் ஆணி அடிக்கிறதுக்கு முன்னால் அதைச் செய்து பாருங்கள்.